கல்லா? தொட்டிலா?



"ஐயா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு கர்ப்பமாகிறதை சினிமாவில காமெடியாக் காட்டுறாங்க. ஜனங்களும் கைதட்டிச் சிரிக்கிறாங்க. இதை அரசாங்கம் தடை பண்ண வேண்டாமா? நாமும் மனு எழுதி, கொடி பிடித்துப் போராட வேண்டாமா?" வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்கிறவர்கள் வைராக்கியமுள்ள பிள்ளைகள். ஆகவே கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், ஆர அமர யோசித்துப் பதில் சொல்லவேண்டும்.

நம்மில் அநேகர் சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாமல் வளர்ந்தவர்கள். நான் யாரையும் சினிமா பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. கேள்வி சினிமாவைப் பற்றியதுகூட அல்ல. பாவத்தைப் பற்றி ஒரு கதையோ பேச்சோ வரும்போது நமக்கு வருகிற கோபம் என்ன வேலை செய்கிறது, யாரைப் போய் அடிக்கிறது என்பதே கேள்வி. இதற்கு முன் இப்படிக் கோபப்பட்டவர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

இல்லாத குழந்தையோடு ஒரு சண்டை

1992-ஆம் வருஷம். அமெரிக்காவில் 'மர்ஃபி பிரவுன்' என்று ஒரு டி.வி. நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி விவாகரத்தான ஒரு பெண். டி.வி.யில் செய்தி சொல்கிறவள். எதிர்பாராமல் கர்ப்பமாகிறாள். குழந்தையின் தகப்பன் கூட இருந்து வளர்க்க வரவில்லை. அவள் தனியாகவே பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறாள். மே 18-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில் குழந்தை பிறந்தது.

மறுநாளே, மே 19-ஆம் தேதி, அந்த நாட்டின் துணை ஜனாதிபதி டான் குவேல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மேடையில் பேசினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கலவரத்தில் பற்றியெரிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏழைக் குடும்பங்கள் சிதைந்துபோவதைப் பற்றிப் பேசும்போது, இந்தத் தொடரைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். தகப்பன் தேவையில்லை என்பதுபோல் காட்டுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவ்வளவுதான். கலவரம் பின்னுக்குப் போயிற்று. ஏழைக் குடும்பம் பின்னுக்குப் போயிற்று. பத்திரிகைகளிலெல்லாம் ஒரு கற்பனைப் பெண்ணும் ஒரு கற்பனைக் குழந்தையும்தான் முன்னுக்கு வந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. குவேலும் அவருடைய கட்சியும் கருக்கலைப்பு கூடாது என்று உறுதியாகச் சொல்லிவந்தவர்கள். கதையில் அந்தப் பெண் கருவைக் கலைக்கவில்லை. பெற்றெடுத்தாள். அவர்கள் சொன்னதைத்தானே செய்தாள்? வெள்ளை மாளிகையின் பேச்சாளரே ஒருபுறம் தொடரைக் குறைசொல்லி, மறுபுறம் அவள் குழந்தையைப் பெற்றுக்கொண்டது நல்லதுதான் என்றும் சொல்லவேண்டியதாயிற்று. கலைத்தால் கொலைகாரி, பெற்றால் ஒழுக்கங்கெட்டவள் என்றால், அந்தப் பெண்ணுக்கு எந்தக் கதவைத் திறந்து வைத்தோம்?

அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில் குவேல் சமாதானமாகிறதுபோல அந்தக் கற்பனைக் குழந்தைக்கு ஒரு கடிதமும் ஒரு யானைப் பொம்மையும் அனுப்பினார். யானை அவருடைய கட்சியின் சின்னம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொம்மையை வைத்து விளையாட அங்கே ஒரு குழந்தை இல்லை. குழந்தை உள்ள எத்தனையோ தாய்மார்கள் அதே நாட்டில் அதே நாளில் பால் பவுடருக்குக் காசில்லாமல் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கு எந்தப் பொம்மையும் போகவில்லை.

பதினாறு வருஷம் கழித்து, 2008-இல், அதே நாட்டில் குளோஸ்டர் என்கிற மீன்பிடி ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒரே கல்வியாண்டில் 17 மாணவிகள் கர்ப்பமானார்கள். பள்ளியில் மொத்தம் சுமார் 1,200 பேர். முந்தின வருஷத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். பிள்ளைகள் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று ஊர் மேயர் சொல்லவேண்டியதாயிற்று. அப்போதும் சிலர் சட்டென்று விரல் நீட்டியது சினிமாவை நோக்கித்தான். 'ஜூனோ', 'நாக்டு அப்' என்று எதிர்பாராத கர்ப்பத்தை வைத்து 2007-இல் வந்த இரண்டு நகைச்சுவைப் படங்கள் காரணமாம். அந்த ஊரில் மீன்பிடித் தொழில் நொடித்துப்போயிருந்தது, வேலைகள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தன. படத்தைத் திட்டுவது சுலபம். வேலையில்லாத ஊரில், எதிர்காலம் தெரியாமல், தன்னை நேசிக்க ஒரு குழந்தையாவது இருக்கட்டும் என்று ஏங்குகிற பதினாறு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது கஷ்டம்.

நம்முடைய ஊரில் நடந்தது

இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துக் கதை என்று சொல்லவேண்டாம். நம் தமிழ்நாட்டில் 2005-இல் நடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

அங்கே சினிமாக் கதை. இங்கே ஒரு சினிமாக்காரரின் பேச்சு. ஆனால் கோபம் ஒரே கோபம். ஒரு வாரப் பத்திரிகை பெரிய நகரங்களில் நடத்திய கருத்துக்கணிப்பையொட்டி நடிகை குஷ்புவிடம் கருத்து கேட்டது. படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கமாட்டான் என்றும், கல்யாணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்கிற பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் தங்களைக் காத்துக்கொள்ளவேண்டும் என்றும் அவர் சொன்னதாக அது வெளியிட்டது. வேதத்தை நம்புகிற நமக்கு அந்தக் கருத்து சம்மதமில்லை. எனக்கும் சம்மதமில்லை. கல்யாணமே படுக்கைக்கு வாசல் என்று நாம் போதிக்கிறோம், இனியும் போதிப்போம்.

ஆனால் நடந்தது மறுப்பா? தெருவெல்லாம் துடைப்பமும் செருப்பும் தூக்கினார்கள். அரசியல் கட்சிகள் முன்னின்று போராட்டம் நடத்தின. மேட்டூர் கோர்ட்டுக்கு அவர் வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன. முன்னொரு காலத்தில் அதே நடிகைக்கு திருச்சிப் பக்கம் ரசிகர்கள் கோயில் கட்டியிருந்தார்கள். மனுஷன் தூக்கிவைக்கிறதும் மனுஷன் போட்டு உடைக்கிறதும் இப்படித்தான்!

அவர்மேல் மொத்தம் 23 வழக்குகள். 2010 ஏப்ரல் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தனையையும் தள்ளுபடி செய்தது. ஒரு கருத்தைச் சொன்னது குற்றமாகாது, வழக்குப் போட்டவர்களுக்கு நேரடியாக எந்தப் பாதிப்பும் நேர்ந்ததாகக் காட்டப்படவில்லை என்று தீர்ப்பு. நாலரை வருஷம்! அந்த நாலரை வருஷத்தில் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்காவது அந்தப் போராட்டத்தால் ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்ததா? ஏமாற்றிவிட்டு ஓடிப்போன ஒரு ஆண்பிள்ளையையாவது பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

யூதாவின் கோபம்

பிரியமானவர்களே, வேதத்தில் ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பிரசங்கத்துக்கு அதிகம் எடுக்காத அதிகாரம். தாமார் விதவை. யூதாவின் மருமகள். மூன்றாவது மகனுக்கு அவளைக் கொடுக்கிறேன் என்று சொன்ன மாமனார், கொடுக்காமலே நாளைக் கடத்தினான். அவள் முக்காடு போட்டுக்கொண்டு வழியில் உட்கார்ந்தாள். யூதாவே அவளிடத்தில் போனான். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, உன் மருமகள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று செய்தி வருகிறது. யூதா என்ன செய்தான்? விசாரித்தானா? அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டானா? வெளியே கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அவள் கூச்சல் போடவில்லை. முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அனுப்பி, இவைகளுக்குரியவன் யாரோ அவனாலேயே கர்ப்பவதியானேன் என்று தெரிவித்தாள். யூதா பார்த்தான். அவனுடைய பொருள்கள்! தன்னைக்காட்டிலும் அவளே நீதியுள்ளவள் என்று ஒத்துக்கொண்டான்.

கவனியுங்கள். இந்த விஷயத்தில் சத்தம் அதிகமாகப் போடுகிற இடத்தில், பெரும்பாலும் ஆணின் மோதிரம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. மர்ஃபி பிரவுன் விஷயத்தில் தேசமே தாயைப் பேசிற்று. ஓடிப்போன தகப்பனைப் பற்றி யார் அவ்வளவு பேசினார்கள்? யோவான் 8-ஆம் அதிகாரத்திலும் கையும் மெய்யுமாகப் பிடித்தோம் என்று ஒரு ஸ்திரீயை மட்டும்தான் இழுத்து வந்தார்கள். கையும் மெய்யுமாகப் பிடித்தவர்களுக்கு ஆண் மட்டும் எப்படித் தப்பினான்?

அந்தத் தாமாரின் வயிற்றில் இருந்த பாரேஸ் நம் இரட்சகருடைய வம்ச அட்டவணையில் வருகிறான். மத்தேயு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதாவின் முதல் கோபம் நிறைவேறியிருந்தால் அந்தப் பிள்ளை சாம்பலாகியிருப்பான்.

அப்படியானால் சினிமா சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. கோபப்படுகிறவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சினிமாவில் ஒன்பது மாதம் ஒரு பாட்டில் முடிந்துவிடும். காலையில் எழுந்தால் வாந்தி, வேலைக்குப் போகமுடியாமல் சம்பளப் பிடித்தம், வீட்டு ஓனர் பார்க்கிற பார்வை, பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிற அலைச்சல், ராத்திரி மூன்று மணிக்கு அழுகிற குழந்தை, இதெல்லாம் காமெடியில் வராது. பாரம் இல்லாமல் காட்டுவது ஒருவகைப் பொய்தான். பிள்ளைகள் அதைப் பார்த்து, 'இவ்வளவுதானா' என்று நினைத்தால் ஆபத்து. குவேல் அன்றைக்குச் சொன்னதில், பிள்ளைக்குத் தகப்பனும் வேண்டும் என்ற பகுதியை நான் மறுக்கவில்லை.

ஆனால் லேசாகச் சொன்ன கதைக்குப் பதில், பாரத்தோடு சொல்லுகிற உண்மை. செருப்பும் வழக்கும் அதற்குப் பதில் ஆகாது. நம் பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுகிற பெற்றோர் நம் சபையில் எத்தனை பேர்? நாம் வாய் திறக்காத இடத்தில்தானே சினிமா வாய் திறக்கிறது?

இன்னொன்று. சிரிப்பெல்லாம் பரியாசம் அல்ல. தொண்ணூறு வயதில் பிள்ளை பெறுவாய் என்று கேட்டபோது சாராள் உள்ளுக்குள்ளே நகைத்தாள். பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயரே ஈசாக்கு. நகைப்பு என்று அர்த்தம். ஊரார் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற வெட்கத்தைக் கர்த்தர் அவள் வீட்டுச் சந்தோஷமாக மாற்றினார். 2022-இல் 'வீட்ல விசேஷம்' என்று ஒரு தமிழ்ப் படம் வந்தது. சத்யராஜும் ஊர்வசியும் நடித்தது. இந்தியில் 2018-இல் வந்த 'பதாயி ஹோ' படத்தின் தமிழ் வடிவம். வளர்ந்த மகனை வைத்துக்கொண்டு தாய் மறுபடியும் கர்ப்பமாகிறாள், பிள்ளைக்கு வெட்கமாகிறது என்பது கதை. அங்கே சிரிப்பு அந்தத் தாயைக் குத்துகிற சிரிப்பு அல்ல. 'ஊர் என்ன சொல்லும்' என்று பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எல்லாக் காமெடியையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டினால், நல்லது கெட்டது பகுத்தறிகிற ஆவி நம்மிடத்தில் இல்லை என்றாகும்.

நம் கோபத்தை முதலாவது கேட்பது யார்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிற காரியம்.

நாம் மேடையில் நின்று, "இப்படிப்பட்டவள்களை ஊரை விட்டுத் துரத்தவேண்டும்" என்று முழங்குகிறோம். கோடம்பாக்கத்தில் யாராவது அதைக் கேட்கிறார்களா? ஒருவரும் கேட்பதில்லை. படம் எடுக்கிறவர்களுக்கு நம் போராட்டம் இலவச விளம்பரம். நம்முடைய சத்தத்தை உண்மையாகக் கேட்கிறவள் ஒருத்திதான். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பிள்ளை.

அவள் காலையில் பட்டாபிராமில் லோக்கல் ட்ரெயின் ஏறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலராக வேலை பார்க்கிற பிள்ளையாக இருக்கலாம். கல்லூரிப் பிள்ளையாக இருக்கலாம். வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரனே அவளைக் கெடுத்திருக்கலாம். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று ஒருவன் நம்ப வைத்திருக்கலாம். நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடம் சொல்லலாம் என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தைரியப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். நாம் முழங்குகிறோம். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். அதன்பிறகு அவள் போகிற இடம் மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கிற மாத்திரையாக இருக்கலாம், போலி டாக்டராக இருக்கலாம், தண்டவாளமாகவும் இருக்கலாம். நாம் சினிமாவை ஜெயித்தோமா? ஒரு ஆத்துமாவை, இல்லை, இரண்டு ஆத்துமாக்களைத் தோற்றோம்.

அதே 1992-இல் சேலத்தில்

அமெரிக்கத் துணை ஜனாதிபதி கற்பனைக் குழந்தைக்குப் பொம்மை அனுப்பிய அதே 1992-ஆம் வருஷத்தில்தான், ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அது முக்கியமாகப் பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த திட்டம். கள்ளிப்பால் ஊற்றாதே, நெல்மணி போடாதே, வளர்க்க முடியாவிட்டால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, நாங்கள் வளர்க்கிறோம் என்றது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண் பிள்ளையைக் கைவிடுவதை இது சுலபமாக்குகிறது என்று குறைசொன்னவர்களும் உண்டு. அந்தக் குறையிலும் யோசிக்கவேண்டியது இருக்கிறது. ஆனாலும் தொட்டிலில் விழுந்த பிள்ளை உயிரோடு இருக்கிறது. கோபத்தில் விட்ட அறிக்கை எந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்ததில்லை.

சபை என்ன செய்யலாம்?

1. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், அது முதலாவது அவளுக்கு விரோதமாக நடந்த குற்றம். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்படி போலீசில் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிந்தும் மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. மூப்பர்கள் கூடி, "அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்" என்று பஞ்சாயத்துப் பேசக்கூடாது. அது குழந்தைத் திருமணம். 1098 என்ற எண் எந்நேரமும் உண்டு.

2. மேஜரான பெண் என்றால், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தாய் வயதுள்ள ஒரு சகோதரி கூடவே போகட்டும். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

3. பிள்ளையை வளர்க்கவே முடியாது என்றால், குழந்தைகள் நலக் குழுவின் முன்பாக முறையாக ஒப்படைக்க சட்டம் வழி வைத்திருக்கிறது. மனம் மாறினால் யோசிக்க இரண்டு மாத அவகாசமும் உண்டு. பிள்ளையில்லாத தம்பதி இருக்கிறார்கள் என்று கைமாற்றிக் கொடுப்பது குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் குற்றமே.

4. ஆணைக் கூப்பிடுங்கள். அவன் சபைப் பிள்ளையாக இருந்தால் அவனும் பதில் சொல்லட்டும். அவன் கிட்டார் வாசிக்கிறவனாயிருந்தாலும் சரி, மூப்பர் மகனாயிருந்தாலும் சரி. பெண்ணை மட்டும் கூட்டத்தின் நடுவே நிறுத்தி அறிக்கை செய்யச் சொல்வதை விட்டுவிடுங்கள்.

5. கருவில் இருக்கிற பிள்ளையைக் கொல்லாதே என்று பிரசங்கிக்கிற சபைக்கு, பிறந்த பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற கடமையும் உண்டு. மற்றப் பிள்ளைகளை எப்படிப் பிரதிஷ்டை பண்ணி ஜெபிக்கிறோமோ, அதே ஞாயிறு ஆராதனையில், அதே சத்தத்தோடு, அந்தப் பிள்ளைக்கும் ஜெபிக்கவேண்டும். பின்பக்க அறையில் அல்ல.

யோசேப்பின் நீதி

நாசரேத்தூர் யோசேப்பை வேதம் நீதிமான் என்கிறது. எப்போது சொல்கிறது? தனக்கு நியமிக்கப்பட்ட மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்து, தூதன் இன்னும் வந்து விளக்கம் சொல்லாத நேரத்தில். அவன் அறிந்தது ஒன்றுதான், பிள்ளை தன்னுடையது அல்ல. மனசு உடைந்திருக்கும். ஊரைக் கூட்ட அவனுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவளை அவமானப்படுத்த அவனுக்கு மனதில்லை. நீதிமானாயிருந்ததினாலேயே மனதில்லை. அவளைக் காட்டிக்கொடுக்காத அந்த இரவில்தான் சொப்பனம் வந்தது. யோசேப்பு கூச்சல் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, பரிசுத்தமாய் இருங்கள். அதில் ஒரு புள்ளியும் நான் குறைக்கவில்லை. பெரியவர்களே, விழுந்த பிள்ளை ஓடிவந்து சேர்கிற முதல் வீடு நம்முடைய வீடாக இருக்கட்டும். கையில் கல் இருக்கிறவரைக்கும் தொட்டில் ஆட்ட முடியாது. கல்லைக் கீழே போடுவோம்.

கர்த்தர் தாமே நம் நாவுக்குக் காவலும், நம் கைகளுக்கு இரக்கமும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.